வாப்பா நம்பர்

"ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்றான் பிரவுசிங் சென்டர் பாரூக்.

சஃப்ரின் தன் கைபேசியைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் தன் நம்பருக்குப் பதிலாக வாப்பாவின் நம்பரைச் சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பேங்க், பள்ளிக்கூடம் என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

ஆக, ஓடிபி நேராக வாப்பா வேலை பார்க்கும் சவுதி தம்மாமுக்குப் போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்த உம்மா சைதூன் பீவி தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாப்பாவுக்குத் தெரியாமல்தான் அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறி வந்திருந்தார்கள். சட்டம் படிக்கிறேன் என்று போன மாதம் பேச்செடுத்தபோதே, "கோர்ட்டு, கச்சேரியெல்லாம் நமக்கு வேண்டாம்மா, டீச்சருக்குப் படி" என்று வாப்பா மசூது ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இன்றைக்குக் கடைசி நாள் வேறு.

மசூது பொல்லாத மனுஷர் இல்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்புவார். ஆனால் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மூத்தவள் ஆஷிகாவின் கல்யாணத்துக்கே வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். பெற்ற பிள்ளையை விடக் காசு பெரிதாகப் போய்விட்டதா என்று ஊரே பேசியது. சைதூன் பீவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த மனிதரிடம் இப்போது யார் ஓடிபி கேட்பது?

கேட்க வேண்டியிருக்கவில்லை. சஃப்ரினின் போன் அடித்தது. வாப்பா.

அவள் போனை உம்மாவிடம் நீட்டினாள். உம்மா அதைத் திருப்பித் தள்ளினாள். "எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசுவல்ல, நீயே பேசு."

"என்னமோ லா அட்மிஷன்னு மெசேஜ் வந்திருக்கு" என்றார் வாப்பா. "நம்பர் சொல்லுதேன், சீக்கிரம் அடி. நேரம் போயிரும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் உரக்கச் சொன்னாள். பாரூக் தட்டினான். திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சைதூன் பீவி பட்டா எடுக்கக் காத்திருந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு, "எம் மவ வக்கீலுக்குப் படிக்கப் போறா" என்றாள். அந்தப் பெண் கேட்கவே இல்லை. ஆனாலும் உம்மா மகளின் மார்க்கையும் சேர்த்துச் சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வாப்பா இன்னும் போனை வைக்கவில்லை.

"கோவமா வாப்பா?"

"என்ன கோவம்? ரூம்ல அத்தனை பேர்கிட்டயும் மெசேஜைக் காட்டிட்டேன். மலையாளத்தான் ஒருத்தன் எந்திரிச்சு வந்து கையைக் குலுக்குதான்."

சஃப்ரின் சிரித்துவிட்டாள். அப்புறம் அவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"இங்கன ஒருத்தன் பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வச்சுக்கிட்டான். திருப்பிக் கேட்டா தர மாட்டேங்குதான். பாவம், ஊருக்கு வர வழியில்லாம கெடக்கான். வீட்லயும் சொல்லல. அதுக்குச் சட்டத்துல ஏதாச்சும் செய்யலாமாம்மா?"

சட்டத்தில் ஒரு எழுத்துகூட அவள் இன்னும் படிக்கவில்லை. இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாரூக்கின் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அவரு பாஸ்போர்ட்டை அடுத்தவன் எப்படி வச்சுக்கிட முடியும்? எங்க எழுதிப் போடணுமோ போடுவோம், விடக்கூடாது. அவரு பேரைச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்றே பேசியவர் மசூது.

"எழுதிக்கோங்க, வக்கீலம்மா" என்றார். "பேரு மசூது."