வலது கை நீட்டியவர்கள்

"இந்தக் கை இல்லம்மா, அந்தக் கை. இடது கை!"

விரலில் மை வைக்க உட்கார்ந்திருந்த தேவநாதன் குரலை உயர்த்தியே சொல்லிவிட்டார். மைக் குப்பிக்கு எதிரே வலது கையை நீட்டியபடி நின்ற அஞ்சம்மாள் திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு முன்னால் வந்த ஏழு பேரும் இதே மாதிரிதான். கேட்காமலே வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார்கள். இடது கை என்றால் நம்ப முடியாதவர்கள் போலப் பார்த்தார்கள்.

1957ஆம் வருஷத் தேர்தல். கெடாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடக் கொட்டகைதான் வாக்குச்சாவடி. காலையில் வந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் தயங்காமல் இடது கையை நீட்டி மை வைத்துக்கொண்டு போனார்கள். அதில் தேவநாதனுக்குத் தனிப் பெருமை. விழுப்புரத்தில் ஆசிரியர் வேலை பார்க்கும் அவர்தான், மூன்று வாரத்துக்கு முன்னால் பிரசார வேனோடு வந்து, வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, ஓட்டுப் போடுவது எப்படி என்று பத்து நிமிஷப் படம் போட்டுக் காட்டியவர்.

படத்தில் ஒரு விவசாயி வரிசையில் நிற்பான். இடது கை விரலை நீட்டி மை வைத்துக்கொள்வான். சீட்டை வாங்கிப் பெட்டியில் போடுவான். ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. பார்த்தாலே புரிந்துவிடும் என்று தேவநாதன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது.

"ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற சேரி சனம் யாரையும் காணமே?" என்று அன்றைக்கே கேட்டார்.

"ஆள் உட்டுச் சொல்லியாச்சு வாத்தியாரே. அதுங்களுக்கு இதுலல்லாம் எங்க இஷ்டம்?" என்றார் பாண்டுரங்கன். ஊரில் பாதி நிலம் அவருடையது. படம் போட்டதும் வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டியிருந்த அவருடைய களத்தில்தான். தேவநாதன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தச் சேரி சனம்தான் இப்போது வரிசையில் நின்றது.

"நிறுத்துங்க சார்!"

வேட்பாளர் ஒருவரின் ஏஜெண்டாக மூலையில் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன் எழுந்தார்.

"ஒருத்தர் கை மாத்தி நீட்டினா தெரியாத்தனம். வர்றதெல்லாம் வலது கையையே நீட்டுனா என்ன அர்த்தம்? வேற எங்கியோ ஓட்டுப் போட்டுட்டு இடது கை மைய மறைக்குதுங்க. யாரோ நல்லா சொல்லிக் குடுத்து இட்டுக்கினு வந்திருக்கான்."

சாவடித் தலைமை அதிகாரி யோசித்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"வரிசைய நிறுத்துங்க. எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க. வாத்தியார் சார், நீங்க போய்ப் பாருங்க."

"ஐயா, நாங்க ஒரு தப்பும் பண்ணலீங்க" என்றாள் அஞ்சம்மாள். "கழனி வேலைய உட்டுட்டு வந்திருக்கோம். இன்னிக்கு வேலைக்கு வராதவங்க நாளைக்கும் வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்பிடியும் வந்தோம். ஓட்டுப் போடாம போவ மாட்டோமுங்க."

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

வெயிலில் நாற்பத்தொரு பேர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். கைகளை மட்டும் இறக்கவில்லை. தேவநாதன் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டே போனார். வெடிப்பு இருந்தது, நகக்கண்ணில் சேறு இருந்தது. மை எங்கேயும் இல்லை.

"ஒருத்தர் கையிலயும் மை இல்ல சார்."

"அப்ப ஓட்டுப் போட விடுங்க" என்றார் அதிகாரி.

பாண்டுரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எது இடது கை, எது வலது கைன்னு தெரியாததெல்லாம் ஓட்டுப் போட்டு நாட்ட ஆளப் போவுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

அஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டே இடது கையை நீட்டினாள். விரலில் மை வைக்கும்போது தேவநாதனுக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது.

"உங்க ஊர்லயே வந்து படம் போட்டனேம்மா. ஒரு நடை வந்து பாத்திருந்தா இன்னிக்கு இந்த அவமானம் உண்டா?"

"பாத்தோமே சாமி" என்றாள் அவள். "ரெண்டு வாட்டி போட்டீங்க. ரெண்டு வாட்டியும் பாத்தோம். மறந்துடக் கூடாதுன்னு வூட்டுக்குப் போயி கைய நீட்டி நீட்டிப் பழகிக்கினோம்."

"பொய் சொல்லாதம்மா. களத்துல உக்காந்திருந்த ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் பாத்தேன். உங்க தெரு ஆளு ஒருத்தர்கூட இல்ல."

அஞ்சம்மாள் பாண்டுரங்கன் இருந்த மூலையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களக் களத்துல உக்கார உடல சாமி. நீங்க கட்டியிருந்த துணிக்குப் பின்னால, மல்லாட்டைக் கொல்லை வரப்புல உக்காந்துக்கினு பாத்தோம். அங்கேருந்து பாக்கச் சொல்லோ, அந்த ஆளு இந்த வலது கையத்தான் நீட்டினாரு."