ரத்த வகை

கல்லூரி அலுவலக வராந்தாவில் இருந்தவர்கள்: மூன்று பெண்கள், அவர்களுடைய அப்பாக்கள், கதவருகே முக்காலியில் பியூன். வேதியியல் வகுப்பில் மிச்சம் ஒரே இடம். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கிளார்க், மூன்று பெண்களில் கோமதியிடம் மட்டும் ரத்த வகையைக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

"ஐடி கார்டுல போடத்தான் கேக்காங்க," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் அவள் அப்பா இருளப்பன்.

"போன வருசம் எங்க மூத்தவகிட்டயும் கேட்டாங்க அண்ணாச்சி. கேட்டுட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்று சிரித்தார் பக்கத்திலிருந்த இன்னொரு அப்பா.

கோமதி எழுந்தாள். "இவங்க ஜாடைய எதுக்குப்பா படிக்கணும்? மார்க்கு நான் வாங்குனது. இடம் உண்டா இல்லையான்னு கேட்டுட்டு வாரேன்."

"கூப்பிடாம போகக் கூடாதும்மா!" என்று பியூன் அதட்டினார்.

"எம் மவ அப்படித்தான் போவா," என்றார் இருளப்பன்.

அவள் உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து யாரோ பூட்டும் சத்தம் கேட்டது. "இது எதுக்கு ஜாடை அண்ணாச்சி?" என்றார் பக்கத்திலிருந்தவர்.