பேட்டரி ஆறட்டும்

"இந்தப் பட்டறைக்காரன் எங்கிட்ட தமிழ்லதான் பேசுறான். எம் பொண்டாட்டியப் பாத்தா மட்டும் எப்படி மலாய் வருது அவனுக்கு?"

மாயாண்டி ரகசியமாத்தான் கேட்டாரு. அவர் ரகசியம் பேசினா கோப்பெங் மார்க்கெட் வரைக்கும் கேக்கும்.

"சும்மா இருங்க மாமா" என்றான் கார்க்கார ராஜு. "வேலை ஆவணும்லா."

மணி பன்னெண்டே முக்கால். ரெண்டரைக்கு இருளாயி ஈப்போ ஆபீஸ்ல நிக்கணும். பிரஜா உரிமைக்கு நேர்முகம். மலாய்ல கேப்பாங்க, மலாய்லயே பதில் சொல்லணும். தேறினா இந்த நாட்டுக்காரின்னு நீல ஐசி அட்டை. தேறலைன்னா, சிவப்பு ஐசிக்காரிக்கு வேலை பெர்மிட் அடுத்த மாசம் முடியுது. முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவ, மறந்துபோன ஊருக்கே திரும்பக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அன்னிக்குன்னு பாத்து ராஜுவோட வாடகைக் கார் அழுகின முட்டையாட்டம் நாறுச்சு. பானட்டைத் திறந்தா பேட்டரி கொதிக்குது. மூடியச் சுத்தி ஆசிட் பொங்கி வழியுது.

பட்டறைக்காரன் பத்துமலை பேட்டரியத் தொட்டான், கைய வெடுக்குன்னு இழுத்தான்.

"வேற பேட்டரி போட்டு வுடு தம்பி" என்றார் மாயாண்டி. "ரெண்டரைக்கு இவளுக்கு ஐசி இன்டர்வியூ!"

"இதே புதுசுதாண்ணே. இன்னொண்ணு போட்டா அதுவும் வேகும். ஆல்டர்னேட்டர் நிறுத்தாம கரண்டை ஊட்டுது."

சொல்லிட்டு, மீட்டர் வயர் ரெண்டையும் பேட்டரியில மாட்டினான். மாட்டிக்கிட்டே இருளாயி பக்கம் திரும்பினான்.

"மக்சிக், நாமா சியாப்பா?"

இருளாயி தன் பேரைச் சொன்னா.

"மக்சிக்காம்! அக்கான்னு சொன்னா நாக்கு தேஞ்சிருமா?" மாயாண்டிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ராஜு இஞ்சினை முடுக்கினான். மீட்டர் முள்ளு பதினேழு வோல்ட்டுல போய் நின்னுச்சு.

"பதினாலரைக்கு மேல ஏறக் கூடாது" என்ற பத்துமலை, ஒரு துண்டு வயரை எடுத்தான். ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சு, மறுமுனையை, கரண்டை அளந்து விடுற ரெகுலேட்டர் பெட்டியில ஒட்டினான். முள்ளு சரசரன்னு பதினாலுக்கு இறங்குச்சு. வயரை எடுத்தான், திரும்பப் பதினேழு.

"காருக்கு யாரு பெயிண்ட் அடிச்சா?"

"நாந்தான்" என்றான் ராஜு பெருமையா. "தைப்பூசத்துக்கு."

"ரெகுலேட்டரைக் கழட்டி அதுக்கு அடியிலயும் அடிச்சியா?"

"அடிச்சா முழுசா அடிக்கணும்லா!"

"நல்லா அடிச்ச போ. அது வெறும் தகரத்துல உக்காந்தாத்தான், பேட்டரி வயிறு நிறைஞ்சிருச்சுன்னு அதுக்குத் தெரியும். பெயிண்ட் மேல உக்கார வச்சா கண்ணைக் கட்டி வுட்ட மாதிரி. ஊட்டிக்கிட்டே இருக்கும்."

ராஜு தலையச் சொறிஞ்சான்.

பெயிண்டைச் சுரண்டி திருகாணி முடுக்க அஞ்சு நிமிசந்தான். முள்ளு பதினாலுல அசையாம நின்னுச்சு.

"போலாமா?" என்றார் மாயாண்டி.

"பேட்டரி ஆறட்டும்ணே. இந்தச் சூட்டுல தண்ணி ஊத்தக் கூடாது."

பத்துமலை ஒரு முக்காலிய இழுத்து இருளாயி முன்னால போட்டு உக்காந்தான். மறுபடி மலாய். வீடு எங்க, புள்ளைங்க எத்தனை, எந்த வருசம் வந்தீங்க, புருசனுக்கு என்ன வேலை. இருளாயி முழிச்சா. அவன் விடலை. அவ சொன்னதையே திருத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.

புருசனுக்கு என்ன வேலையாம்! மாயாண்டி அஞ்சடி வராந்தாவுல போய் நின்னாரு, திரும்பி வந்தாரு, கடிகாரத்தைப் பாத்தாரு. நாலு முறை பேட்டரியத் தொட்டாரு.

"ஆறிப்போச்சு தம்பி!"

"அடியில சூடு இருக்கும்ணே."

ஒண்ணரைக்குத்தான் தண்ணி ஊத்தி விட்டான். காருக்குள்ள மாயாண்டி பொரிஞ்சு தள்ளிட்டாரு. "பொம்பளையக் கண்டா வேலை ஓடாது போல அவனுக்கு. அஞ்சு நிமிச வேலைய முக்கா மணி நேரம் இழுத்துட்டான்!"

இருளாயி உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு.

ரெண்டரைக்குக் கூப்பிட்டாங்க. கால் மணி நேரத்துல இருளாயி வெளிய வந்தா. முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா.

"பாஸுன்னுட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"பேரு, வீடு, புள்ளைங்க, உங்க வேலை... பட்டறைத் தம்பி கேட்டதேதான். வரிசை கூட மாறல."

திரும்பி வர்றப்ப, சிம்பாங் பூலாய் தாண்டினதும் மாயாண்டி ராஜுவோட தோளைத் தட்டினாரு.

"ராஜு, பட்டறைகிட்ட நிறுத்து. பேட்டரியப் பாக்கணும்."

"நல்லாத்தானே ஓடுது மாமா?"

"நிறுத்துடான்னா!"

போற வழியில, வாழைப்பழம் பொரிச்ச பீசாங் கோரேங் ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டாரு. அதை பத்துமலை முன்னால வச்சு, எங்கேயோ பாத்துக்கிட்டு கேட்டாரு: "நெசமா சொல்லு தம்பி. பேட்டரி எப்ப ஆறுச்சு?"

"ஒரு மணிக்கே கிளம்பியிருக்கலாம்ணே. அக்காவுக்குத்தான் வாய் பழகல."

"சரிப்பா. உள்ள இதுதான் கேப்பாங்கன்னு உனக்கெப்படித் தெரியும்? ஆபீஸ்ல சொந்தக்காரன் எவனும் இருக்கானா?"

பத்துமலை கை எண்ணெயத் துணியில தொடச்சுக்கிட்டு, சட்டைப் பையிலேருந்து ஐசியை எடுத்து நீட்டினான். சிவப்பு.

"நாலு தடவை போயிட்டேன்ணே. நாலு தடவையும் மலாய் பாஸ். இந்த ஊருலதான் பொறந்தேன்னு காட்ட ஒரு காயிதந்தான் இல்ல."