ஒரு சாண் குழி

நானூறு பைன் கன்றுகள் செத்த பழியை என் அண்ணன், பண்ணையில் தண்ணீர் விடும் கூலிக்கார அக்காவின் தலையில் கட்டிவிட்டான்.

தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியதாம். அதனால் அவளுக்கு இன்றோடு வேலை இல்லையாம். பண்ணையின் மேற்பார்வையாளன் அவன், வேலைநீக்கச் சீட்டும் எழுதிவிட்டான். அக்கா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்!

மண் பரிசோதனை என் தொழில். கன்று நடுவதற்கு முன் இந்த நிலத்தைப் பார்த்து, தண்ணீர் நன்றாக இறங்குகிறது என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு வாளி கூடிப்போனால் வேர் அழுகிவிடுமா?

கடப்பாரையை எடுத்து ஒரு கன்றின் அடியில் தோண்டினேன். வேரைத் தொட்டதும் கறுத்த தோல் விரலோடு கழன்று வந்தது. ஒரு சாணுக்குக் கீழே மண் கல்லாக இறுகியிருந்தது. அதன் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. வேரழுகல் கிருமி எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். தண்ணீர் தேங்கினால்தான் அது வேருக்கு வேர் தாவும்.

“மழையில டிராக்டர ஓட்டி மண்ண இறுக வச்சது யாரு? அவன விட்டுட்டு இந்த அக்காவையா பிடிச்ச? உனக்கே நல்லாயிருக்கா?”

“விடேன்,” என்றான் அண்ணன்.

விடுவேனா? முதலாளியைக் கண்டால் தொடை நடுங்குகிறவன் குழாய் பிடிக்கிறவளிடம் வீரம் காட்டுகிறான் என்று எல்லார் முன்னாலும் கிழித்தேன். டிராக்டர் ஓட்டியவன் யாரென்று சொல்லாமல் இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

“டிராக்டரே வரல. எல்லாம் கையால நட்டது. அடியில கிடக்கறது பழைய களிமண். நீ பாக்க வந்தப்ப உனக்கு மூணாம் மாசம். ஒரு சாண் போதும், ரொம்பக் குனியாதேன்னு நான்தான் தடுத்தேன்.”

மூன்று சாணாவது தோண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அன்று ஒரு சாண் குழியில் ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து போயிருக்கிறது. அதைக் கீழே இறங்கிவிட்டது என்று நான் எழுதியிருக்கிறேன். அண்ணன் அந்தச் சீட்டை எழுதியது என்னைக் காப்பாற்ற.

அக்காவின் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது.

“அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வரலாமா?” என்று என்னைத்தான் கேட்டாள்.