நெற்றிப்பட்டை சொன்ன காரணம்

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள் எல்லோரும் நெற்றியில் ஒரு பட்டை கட்டியிருக்க வேண்டும். யாருக்காவது தலை வலித்தால், பட்டை அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து வீட்டுக்கும் செய்தி அனுப்பிவிடும். அன்று பொழுதுக்கும் குனிந்தே தைத்ததில் செண்பகவல்லிக்கு மண்டை பிளந்தது.

வீடு திரும்பியபோது மகள் மகிழினி சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு ஆச்சு?"

"உன் தலைவலிக்கு நான்தான் காரணம்னு போன்ல வந்துச்சும்மா. இனிமே நான் பேசவே மாட்டேன்."

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனாள்.

"ஏனுங்க சார், வேலையாலதான் தலை வலிக்குதுன்னு இந்தப் பட்டை ஒரு நாளும் சொல்லாதுங்களா?"

"அந்தக் காரணத்தை நாங்க அதுல வெக்கலம்மா," என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல்.

அவள் பட்டையைப் பிய்த்து அவர் மேஜைமேல் வீசினாள். மகளை அந்த மேஜைமேலேயே உட்காரவைத்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. இவளா காரணம்?"

"நீ இல்ல பாப்பா," என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

வெளியே தையல் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் செண்பகவல்லி.