அடிவரை இறங்கிய பெடல்

பிரேக் பெடலை மிதித்தேன். கால் அடிவரை போனது.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற மூன்றாவது முறை ஏர் எடுத்த பிறகும் அப்படித்தான்.

வசீம் தன் டாக்ஸியின் அருகில் நின்றான். நேற்றுதான் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் புது பிரேக் பேட் போட்டுக்கொண்டு போனான். பெடல் மெத்தென்று இருக்கிறதே என்று அப்போதே கேட்டான். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் கிடைத்தது.

இன்று காலை ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தின் முன்னால் பிரேக் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறான். சாலையைக் கடந்த பிள்ளைகளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்தானாம்.



"மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்" என்றேன். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு.

லில்லி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தரையோடு தரையாகப் படுத்து வலது முன்சக்கரத்தில் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைப் பார்த்தாள். எழுந்து போய் இடப்பக்கமும் படுத்துப் பார்த்தாள்.

"ஆனந்தண்ணா, ஏர் எடுக்குற நிப்பிள் ரெண்டு பக்கமும் கீழ இருக்குது. காத்து மேலதான நிக்கும்? எத்தினி வாட்டி எடுத்தாலும் வராது."

குனிந்து பார்த்தேன். வலது கேலிப்பர் இடப்பக்கம், இடது வலப்பக்கம்.

மூன்று முறையும் ஆயில் வருகிறதா என்று பார்த்தேன். நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அவளே கழற்றி இடம் மாற்றினாள். அவள் சொல்லச் சொல்ல நான் பெடலை மிதித்தேன், அழுத்திப் பிடித்தேன். குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பிறகு வெறும் ஆயில்.

பெடல் பாதியில் கல்லைப் போல நின்றது. என்ன பெண் இவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெயின் ரோடு வரை அவளே ஓட்டி, நாலைந்து இடத்தில் பிரேக் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

"யாரு மாட்னது இத?" என்றான் வசீம்.

லில்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கழட்டி கழுவுறப்ப லெஃப்டு ரைட்டு மாறிப்போச்சுபா. எங்க தப்புதான்."

'எங்க' தப்பு என்றாள்.

வசீமின் முன்னால் போய் நின்று சொன்னேன். நேற்று லில்லி லீவு. மாட்டியதும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொன்னதும் நான்.