கடல் சாமந்தி விற்பனைக்கு

ஆர்வில் தம் வீட்டிலிருந்த பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியை விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, துலூத் நகரத்துப் பனியில் காரோட்டி வந்திருந்தாள் கோரீன்.

தொட்டியில் பூப்போல விரிந்திருந்த கடல் சாமந்தி என்ற உயிரினம் இறால் துண்டைச் சுற்றி வளைத்து விழுங்குவதை இருவரும் பார்த்தார்கள். உப்புக் கரைப்பது, விளக்குப் போடுவது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டபடி இரண்டாவது காபியையும் குடித்து முடித்தாள்.

"சரிங்க, நான் என்னைக்கு வந்து எடுத்துக்கட்டும்?" என்றாள், எழ மனமில்லாமல்.

முன்பு வந்தவர்களிடம் சொன்னதுபோல, வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்ல ஆர்விலுக்கு வாய் வரவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. இத நான் விக்கிறதா இல்ல. விளம்பரம் போட்டாத்தான் இந்த வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்க."

கோரீன் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"நல்லவேளை. எங்க தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். நான் இருக்கிறது ஒத்த ரூம். தொட்டி வைக்க இடமே இல்ல."

ஆர்வில் அவளுடைய கோப்பையில் மூன்றாவது காபியை ஊற்றினார்.

"அடுத்த சனிக்கிழமையும் விலை பேச வரலாமா?" என்று கேட்டாள்.